தவறு நடந்த பிறகு: ரகசியக் கோப்பும் மறைத்த பதிலும்

ரகசியத் தகவலைக் கையாள ஒருவருக்குக் கிளியரன்ஸ் என்ற அனுமதியைக் கொடுக்கலாமா, கொடுத்ததைப் பறிக்கலாமா என்று முடிவு செய்ய அமெரிக்க அரசு 13 தலைப்புகளை வைத்திருக்கிறது. ‘ஏ’ முதல் ‘எம்’ வரை எழுத்து வரிசையில் அவை போகும். இப்போது நடப்பில் உள்ள வடிவம் 2017 ஜூன் 8 முதல் அமலில் இருக்கிறது. கடன், குடி, போதைப்பொருள், வெளிநாட்டு உறவுகள் எல்லாவற்றுக்கும் தனித்தனித் தலைப்பு உண்டு. இந்த அத்தியாயம் அவற்றில் இரண்டைப் பற்றியது. ‘கே’ என்பது காக்க வேண்டிய தகவலை எப்படிக் கையாள்கிறீர்கள் என்பது. ‘ஈ’ என்பது தனிப்பட்ட நடத்தை. அதில் முக்கால்வாசி, கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொன்னீர்களா என்பதுதான்.

‘கே’ மட்டும் வந்தால் தப்பிக்க வழி இருக்கிறது. நாளாக ஆக அதன் கனம் குறையும். பயிற்சி எடுத்துக்கொண்டதைக் காட்டலாம். வேலை செய்யும் முறையை மாற்றிக்கொண்டதைக் காட்டலாம். அதே சம்பவத்தைப் பற்றி ஒரு பொய்யோ பாதி உண்மையோ சொல்லி ‘ஈ’யையும் சேர்த்துக்கொண்டவர்களுக்கு அந்த வழிகள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. ‘இனி இப்படி நடக்காது’ என்று அவர்கள் சொல்வதை நீதிபதி எதை வைத்து நம்புவார்? சொல்பவரின் வாய்ச்சொல்தானே அங்கே முதல் சாட்சியம்.

பாதுகாப்புத் துறையின் ஒப்பந்த நிறுவனங்களில் வேலை பார்க்கும் தமிழர்களை, குறிப்பாகக் குடியுரிமை பெற்றுச் சில ஆண்டுகளே ஆன பொறியாளர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வர்ஜீனியா, மேரிலாண்ட் பக்கம் இப்படிப்பட்ட வேலைகள் ஏராளம். இவர்கள் வேலையில் கெட்டிக்காரர்கள், விதிகளை மதிப்பவர்கள். ஆனால் மேலதிகாரியைச் சங்கடப்படுத்தாமல் ஒரு பிரச்சினையை ஓசைப்படாமல் முடித்துவிடுவதைத் திறமை என்று பார்த்து வளர்ந்தவர்கள். மற்ற அலுவலகங்களில் பாராட்டு வாங்கித் தரும் அந்தப் பழக்கம் இந்த ஒரு துறையில் ஆளைக் கவிழ்த்துவிடும்.

எதெல்லாம் மீறல்

வெளிநாட்டு உளவாளிக்குக் கோப்பைக் கைமாற்றுவதுதான் மீறல் என்று நினைத்துக்கொண்டிருந்தால் அந்த நினைப்பை முதலில் விடுங்கள். நடைமுறையில் வருபவை மிகச் சாதாரணமானவை. ஸ்கிஃப் எனப்படும் மூடிய அறைக்குள் கைப்பேசியோடு நுழைந்துவிடுவது. ‘சீக்ரெட்’ என்று வகைப்படுத்திய விவரம் உள்ள ஒரு வரியைச் சாதாரண மின்னஞ்சலில் தட்டி அனுப்பிவிடுவது. மாலையில் பெட்டகத்தைப் பூட்டாமல் போய்விடுவது. கூட்டத்தில் எழுதிய நோட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவது. வார இறுதியில் வேலையை முடித்துவிடலாம் என்று சொந்த மடிக்கணினியில் ஏற்றிக்கொள்வது. தன் வேலைக்குத் தேவையில்லாத கோப்பை ஆர்வத்தில் திறந்து பார்ப்பதும் இந்தக் கணக்கில் வரும். அதைப் பார்க்கும் தகுதி உங்கள் கிளியரன்ஸுக்கு இருந்தாலும், பார்க்க வேண்டிய தேவை உங்கள் வேலைக்கு இருந்ததா என்பது தனிக் கேள்வி.

‘கே’யில் உங்கள் உள்நோக்கம் பெரிய பொருட்டில்லை. கவனக்குறைவே போதும். ஆளுக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டாலும் மீறல் மீறல்தான். டோஹா எனப்படும் பாதுகாப்புத் துறையின் விசாரணை, மேல்முறையீட்டு அலுவலகத்தில், ரகசியத் தகவலைத் தவறாகக் கையாண்டவர் மீண்டும் நம்பிக்கையைப் பெற மிகக் கனமான சுமையைத் தூக்க வேண்டும் என்பது நெடுங்காலமாக நிலைத்துவிட்ட கோட்பாடு. ஒருமுறை நடந்ததற்கும் எச்சரித்த பிறகும் நடந்ததற்கும் இடையே மலையளவு வேறுபாடு உண்டு. எச்சரிக்கைக்குப் பிறகும் தொடரும் அலட்சியத்தை விதியே தனியாகக் குறிப்பிடுகிறது.

உங்களுக்குச் சாதகமானவையும் அதே விதிகளில் எழுதப்பட்டிருக்கின்றன. நடந்து வெகுகாலம் ஆகியிருக்கலாம். சரியான பயிற்சியோ தெளிவான அறிவுறுத்தலோ தரப்படாமல் இருந்திருக்கலாம். ஆலோசனையை ஏற்றுத் திருந்தியிருக்கலாம். இவற்றோடு இன்னொன்றும் உண்டு: மீறல் தெரியாமல் நடந்தது, உடனே தெரிவிக்கப்பட்டது, தகவல் வெளியே போனதற்கு அறிகுறி இல்லை, அடிக்கடி நடக்கும் வழக்கமும் இல்லை என்றால் அது உங்களுக்குச் சாதகம். இந்த நான்கில் மூன்று ஏற்கெனவே நடந்து முடிந்தவை. அவற்றை மாற்ற முடியாது. ‘உடனே தெரிவிக்கப்பட்டது’ என்பது மட்டும் தவறு நடந்த பிறகும் உங்கள் கையில் இருக்கிறது.

முதல் ஒரு மணி நேரம்

வெள்ளிக்கிழமை மாலை. அனுப்பிய மின்னஞ்சலை மறுபடி படிக்கும்போது ஒரு எண் கண்ணில் உறுத்துகிறது. அது சீக்ரெட் ஆவணத்தில் இருந்த எண். கை தானாக அழிக்கும் பொத்தானுக்குப் போகும். அங்கேயே நிறுத்துங்கள். அழிக்காதீர்கள். பெற்றவருக்கு ‘அதை அழித்துவிடுங்கள்’ என்று எழுதாதீர்கள். திரும்ப அழைக்கும் வசதியைத் தொடாதீர்கள். சந்தேகம் தீர்த்துக்கொள்ள இன்னொரு சகாவுக்கு முன்னனுப்பவும் வேண்டாம். அது இரண்டாவது மீறலாகிவிடும். நீங்கள் அழித்தாலும் சர்வரில் பிரதி இருக்கும், காப்புப்பிரதியில் இருக்கும், பெற்றவரின் கைப்பேசியிலும் இருக்கும். அது எங்கெல்லாம் போயிருக்கிறது என்று தேடித் துடைப்பது அதற்கென்று இருப்பவர்களின் வேலை. நீங்கள் அழித்தால் அவர்கள் தேட வேண்டிய தடயம்தான் போகும். ஆறு மாதம் கழித்து அதே செயலை ஒரு விசாரணையாளர் ‘மறைக்கும் முயற்சி’ என்று எழுதி வைத்திருப்பார்.

நிறுவனத்தின் பாதுகாப்பு அலுவலரை, எல்லோரும் சொல்வதுபோல எஃப்.எஸ்.ஓ.வை, உடனே கூப்பிடுங்கள். கூப்பிடும்போதும் ஒரு கவனம் தேவை. சாதாரணத் தொலைபேசியில் என்ன தகவல் வெளியே போனது என்று விவரிக்காதீர்கள். ‘ஒரு கசிவு நடந்திருக்கலாம் என்று நினைக்கிறேன், நேரில் பேச வேண்டும்’ என்ற அளவே போதும். அவர் வரும்வரை கணினியை அப்படியே விட்டுவிட்டு, வேறு யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு நேரம், செயல், யாரிடம் சொன்னீர்கள் என்பவற்றை, ரகசிய விவரம் எதுவும் சேராமல், ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஓராண்டு கழித்து அந்தத் தாளுக்கு மதிப்பு வரும்.

‘மேனேஜரிடம் சொன்னேன், அவர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்’ என்று நிறுத்திக்கொள்பவர்கள் பலர். மேனேஜருக்கு ஒப்பந்தத்தைப் பற்றிய கவலை இருக்கும். வாடிக்கையாளர் முகம் சுளிப்பாரே என்ற பயம் இருக்கும். எஃப்.எஸ்.ஓ.வுக்குத் தெரிவிக்கும் கடமை உங்களுடையது. மேனேஜரிடம் சொல்லுங்கள், அதே நாளில் எஃப்.எஸ்.ஓ.விடமும் சொல்லுங்கள்.

அழிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு கடற்படை மாலுமியின் வழக்கு இருக்கிறது. 2009இல் யூ.எஸ்.எஸ். அலெக்சாண்ட்ரியா என்ற அணுசக்தி நீர்மூழ்கியின் உட்பகுதிகளை அவர் கைப்பேசியில் படமெடுத்தார். சில ஆண்டுகள் கழித்து அந்தக் கைப்பேசி கனெக்டிகட்டில் ஒரு குப்பைக் கிடங்கில் கிடைத்தது. புலனாய்வாளர்கள் வந்து பேசிவிட்டுப் போன பிறகு மடிக்கணினியையும் கேமராவையும் நினைவக அட்டையையும் அவர் நொறுக்கினார். 2016இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. 2018இல் அதிபரின் மன்னிப்பும் கிடைத்தது. நினைவுக்காக எடுத்த படம் என்று சொல்லியிருக்கக்கூடிய ஒரு விஷயம், நொறுக்கப்பட்ட சாமான்களோடு சேர்ந்து வேறு விஷயமாகிவிட்டது.

தவணை முறையில் வரும் உண்மை

விசாரணையாளரிடம் அப்பட்டமான பொய் சொல்பவர்கள் குறைவு. குறைத்துச் சொல்பவர்கள்தான் அதிகம். முதல் பேச்சில் ‘ஒரே ஒரு முறை’ என்பார்கள். ஆவணத்தைக் காட்டியதும் ‘மூன்று நான்கு முறை இருக்கலாம்’. பாலிகிராஃப் எனும் பொய் கண்டறியும் சோதனை அறையில் அது ‘சில மாதங்கள்’ ஆகும். கடைசியில் சொன்னது உண்மையாகவே இருந்தாலும், அதுதான் கடைசி என்று நம்ப யாருக்கும் காரணம் இருக்காது. அப்படிச் சொல்பவர்களுக்குத் தாங்கள் பொய் சொல்வதாகவே தோன்றுவதில்லை என்பதுதான் இதில் வேதனை. தன்னைக் கொஞ்சம் நல்லவராகக் காட்டிக்கொள்ளும் இயல்பான ஆசைதான் அது. கோப்பில் அது ‘முன்னுக்குப் பின் முரண்’ என்று பதிவாகும்.

பெரிய பதவியில் இருந்தவர்களும் இதே பள்ளத்தில்தான் விழுந்திருக்கிறார்கள். அதிபர் கிளிண்டனின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த சாண்டி பெர்கர், 2003இல் தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து ரகசிய ஆவணப் பிரதிகளை எடுத்துச் சென்றார். விஷயம் வெளியானபோது கவனக்குறைவால் நடந்தது என்றார். 2005 ஏப்ரலில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, வேண்டுமென்றே எடுத்ததும், மூன்று பிரதிகளைக் கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டதும் வெளிவந்தன. 50,000 டாலர் அபராதம். மூன்றாண்டுகளுக்குக் கிளியரன்ஸ் இல்லை. சி.ஐ.ஏ. இயக்குநராக இருந்த ஜெனரல் டேவிட் பெட்ரேயஸ், ரகசியக் குறிப்புகள் நிறைந்த எட்டு நோட்டுகளைத் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரிடம் கொடுத்துவிட்டு, அப்படி எதையும் தரவில்லை என்று எஃப்.பி.ஐ.யிடம் சொன்னார். 2015இல் இரண்டாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 1,00,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. இவர்களுக்குப் பெரிய வழக்கறிஞர்களும் நண்பர்களும் இருந்தார்கள். 12 பேர் வேலை செய்யும் ஒரு துணை ஒப்பந்த நிறுவனத்தின் புரோகிராமருக்கு அந்தச் சலுகை கிடைக்குமென்று நான் எதிர்பார்க்க மாட்டேன்.

எல்லாவற்றிலும் புகழ்பெற்ற வழக்கு அணுகுண்டு விஞ்ஞானி ராபர்ட் ஓப்பன்ஹைமருடையது. திரைப்படம் வந்த பிறகு பலருக்கும் கதை தெரியும். ஆனால் கிளியரன்ஸ் வைத்திருப்பவர் கவனிக்க வேண்டிய இடம் அணுகுண்டு வெடிக்கும் காட்சியில் இல்லை. பெர்க்கிலியில் அவர் வீட்டுச் சமையலறையில் நண்பர் ஹாக்கன் ஷெவாலியே ஒரு விஷயத்தைக் காதில் போட்டார்: சோவியத் தரப்புக்குத் தகவல் சேர்க்க ஒரு வழி இருக்கிறதாம். ஓப்பன்ஹைமர் மறுத்துவிட்டார். எந்தத் தகவலும் போகவில்லை. ஆனால் உடனே யாரிடமும் சொல்லவில்லை. 1943 ஆகஸ்டில் ராணுவப் பாதுகாப்பு அதிகாரிகளிடம் தானாகவே பேச்சை எடுத்தவர், நண்பரின் பெயரை மறைப்பதற்காகக் கதையை மாற்றினார்; மூன்று பேர் அணுகப்பட்டதாகச் சொன்னார். அந்த ஆண்டின் இறுதியில்தான், அதுவும் அணுகுண்டுத் திட்டத்தின் ராணுவத் தலைவர் ஜெனரல் குரோவ்ஸ் கட்டளையிட்ட பிறகு, பெயர் வந்தது.

பதினோரு ஆண்டுகள் கழித்து, அவருடைய கிளியரன்ஸைப் பற்றி 1954 ஏப்ரலில் தொடங்கிய விசாரணையில், அரசுத் தரப்பு வழக்கறிஞர் ரோஜர் ராப் அந்தப் பழைய உரையாடலின் பதிவை வைத்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வி கேட்டார். இரண்டு கதைகளில் எது பொய்? எது பொய்யாக இருந்தாலும் பொய் சொன்னவர் அவரே. விசாரணைக் குழு இரண்டுக்கு ஒன்று என்றும், அணுசக்தி ஆணையம் 1954 ஜூன் 29 அன்று நான்குக்கு ஒன்று என்றும் அவருக்கு எதிராக முடிவெடுத்தன. அந்த விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவருடைய வழக்கறிஞர்களோடு அவர் பேசியதே ஒட்டுக்கேட்கப்பட்டது. ஆணையத் தலைவர் லூயிஸ் ஸ்ட்ராஸின் பகை ஊரறிந்தது. 2022 டிசம்பரில் எரிசக்தி அமைச்சர் ஜெனிஃபர் கிரான்ஹோம் அந்த முடிவையே ரத்து செய்தார். அப்போது ஓப்பன்ஹைமர் இறந்து 55 ஆண்டுகள் ஆகியிருந்தன. பகைவர்கள் கையில் ஆயுதம் கொடுத்தது எது என்று பார்த்தால், நண்பரைக் காப்பாற்ற அவரே ஜோடித்த அந்தச் சின்னக் கதைதான்.

எனவே சொல்ல வேண்டியதை முழுதாக, ஒரே தடவையில் சொல்லுங்கள். எண்ணிக்கை தெரியவில்லை என்றால் ‘மாதத்துக்கு இரண்டு முறை இருக்கும், இன்ன மாதம் தொடங்கி இன்ன மாதம் வரை’ என்று, உங்களுக்குத் தோன்றுவதன் மேல் எல்லையைச் சொல்லுங்கள். பின்னால் எண்ணிக்கை குறைந்தால் யாரும் கோபிக்கப் போவதில்லை.

நேரம் மிக முக்கியம். ‘ஈ’யின் கீழ் ஒரு பொய்யையோ விடுபட்டதையோ சரிசெய்ய நீங்கள் எடுக்கும் முயற்சி, ஆதாரத்தை உங்கள் முன் வைத்துக் கேட்பதற்கு முன்னால் நடந்திருந்தால்தான் முழுப் பயன் தரும். விசாரணையாளர் பொதுவான கேள்வியோடு ஆரம்பிப்பார்: வேலையிடத்தில் எப்போதாவது ஒழுங்கு நடவடிக்கை உண்டா? அவர் பையில் அதற்கான தாள் ஏற்கெனவே இருக்கலாம். அந்தப் பொதுக் கேள்விக்கும் தாள் மேசைக்கு வருவதற்கும் நடுவில் சில நிமிடங்கள் கிடைக்கும். ‘படிவத்தில் ஒன்றை விட்டுவிட்டேன், அதைச் சொல்லிவிடுகிறேன்’ என்று நீங்களாகத் தொடங்க அதைவிட்டால் நேரம் இல்லை. அதற்கும் முன்பே எஃப்.எஸ்.ஓ. வழியாக எழுத்தில் திருத்தியிருந்தால் இன்னும் நல்லது.

ஒரு விதிவிலக்கு. செய்தது குற்ற வழக்காகும் அளவுக்குப் போயிருந்தால், உதாரணமாக ரகசிய ஆவணங்களைத் தெரிந்தே வீட்டில் வைத்திருந்தால், வாக்குமூலம் கொடுப்பதற்கு முன் இந்தத் துறை வழக்கறிஞரைப் பாருங்கள். அனுமதியின்றி எடுத்து வைத்திருப்பதற்கு இப்போது ஐந்தாண்டு வரை சிறை உண்டு. அதிகாரியிடம் பொய் சொல்வதற்கும் ஐந்தாண்டு. வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்பது ஒளிவுமறைவு ஆகாது. ஆனால் விசாரணைக்கே ஒத்துழைக்க மாட்டேன் என்றால் பொதுவாகக் கிளியரன்ஸ் போய்விடும். விதி அதை வெளிப்படையாகவே சொல்கிறது.

எஸ்.எஃப்.-86 படிவத்தில்

கிளியரன்ஸுக்காக நிரப்ப வேண்டிய, நூறு பக்கத்துக்கும் மேல் நீளும் இந்தப் படிவத்தில் நம் விஷயத்துக்கு வேண்டிய இடங்கள் மூன்று. வேலைவாய்ப்புப் பகுதியில், கடந்த ஏழு ஆண்டுகளில் எழுத்து மூல எச்சரிக்கையோ கண்டனமோ இடைநீக்கமோ உண்டா என்ற கேள்வி வரும். உதாரணமாகப் ‘பாதுகாப்பு விதி மீறல்’ என்றே அங்கே எழுதியிருக்கும். 25ஆம் பகுதி, முன்பு கிளியரன்ஸ் மறுக்கப்பட்டதா, நிறுத்தி வைக்கப்பட்டதா, பறிக்கப்பட்டதா என்று கேட்கும். 27ஆம் பகுதி கணினி அமைப்புகளை அனுமதியின்றி அணுகியதைப் பற்றியது.

இந்த இடத்தில்தான் அலுவலகத்து அண்ணன் ஒருவர் வருவார். ‘தம்பி, அதெல்லாம் ஒரு எச்சரிக்கையா? சும்மா ஒரு மெயில் அனுப்பினாங்க. எழுதினா தோண்டிக்கிட்டே இருப்பாங்க. நான் போட்டதே இல்லை.’ அவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்வார். ஆனால் ஆலோசனையைக் கேட்டு விட்டுவிட்டேன் என்ற வாதம் ஒரு நிலையில்தான் எடுபடும்: ஆலோசனை சொன்னவர் வழக்கறிஞராகவோ, இந்த நடைமுறைகளில் ஆலோசனை சொல்வதையே பொறுப்பாகக் கொண்டவராகவோ இருக்க வேண்டும். அப்படியிருந்தாலும் உண்மை தெரிந்த உடனே நீங்கள் திருத்தியிருக்க வேண்டும். பக்கத்து இருக்கை அண்ணன் இந்தக் கணக்கில் வரமாட்டார்.

சந்தேகம் இருந்தால் ‘ஆம்’ போட்டுவிட்டுக் குறிப்புப் பகுதியில் எழுதுங்கள்: இது எச்சரிக்கையாகக் கருதப்பட்டதா என்று எனக்கு உறுதியில்லை, நடந்தது இது. விடுபட்டதெல்லாம் தானாகப் பொய்யாகிவிடாது என்பதும் உண்மை. ‘ஈ’க்குத் தெரிந்தே மறைக்கும் நோக்கம் வேண்டும், நீங்கள் மறுத்தால் அந்த நோக்கத்தை நிரூபிப்பது அரசுத் தரப்பின் பொறுப்பு. மறதி, கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டது ஆகியவை உண்மையான வாதங்களே. போன மாதம் கையெழுத்துப் போட்ட எச்சரிக்கைக் கடிதம் மறந்துவிட்டது என்றால் மட்டும் யாரும் நம்பமாட்டார்கள்.

நம்மவர்கள் இன்னொரு வகையில் சிக்குவதுண்டு. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் அண்ணன் அரசு வேலையில் இருக்கிறார், அதை எழுதினால் கிளியரன்ஸ் வராது என்று பயந்து விட்டுவிடுவார்கள். எழுதியிருந்தால் அது ‘பி’ என்ற வெளிநாட்டுச் செல்வாக்குத் தலைப்பில் வரும் ஒரு சாதாரணக் கேள்வி. குடியேறி வந்த எத்தனையோ பேர் அதைத் தாண்டி வந்திருக்கிறார்கள். மறைத்ததால் அது ‘ஈ’ ஆகிறது. அண்ணன் எங்கே வேலை பார்க்கிறார் என்பதற்கு நீங்கள் பொறுப்பில்லை. விடுபட்ட அந்த ஒரு வரிக்கு நீங்கள் மட்டுமே பொறுப்பு.

கடிதம் வந்துவிட்டால்

ஒப்பந்த நிறுவன ஊழியருக்கு முதலில் எழுத்துக் கேள்விகள் வரலாம். பிறகு, காரணங்களை வரிசை எண்ணிட்டுச் சொல்லும் அறிக்கை வரும். எஸ்.ஓ.ஆர். என்பார்கள். கையில் கிடைத்ததிலிருந்து 20 நாட்களுக்குள் பதில் போக வேண்டும். ஒவ்வொரு பத்திக்கும் ‘ஒப்புக்கொள்கிறேன்’ அல்லது ‘மறுக்கிறேன்’ என்று தனித்தனியாக எழுத வேண்டும். மீறலை ஒப்புக்கொண்டு, பொய் சொன்னதாக வரும் பத்தியை மட்டும் மறுக்கலாம். இரண்டும் வேறு வேறு. கூடவே நேரில் விசாரணை வேண்டுமா, எழுத்து ஆவணத்தை வைத்தே முடிவெடுத்தால் போதுமா என்றும் சொல்ல வேண்டும். உங்கள் நேர்மையே கேள்விக்குள்ளான வழக்கில் நேரில் விசாரணையைக் கேளுங்கள் என்பது என் உறுதியான கருத்து. தாளில் எழுதிய வருத்தத்தை யாரும் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. அதனாலேயே அதற்கு எடை குறைவு.

இந்த விசாரணை உரிமை சும்மா கிடைத்ததில்லை. வில்லியம் கிரீன் என்ற விமானப் பொறியாளரின் கிளியரன்ஸ் 1953இல் பறிக்கப்பட்டது. குற்றம் சாட்டியவர்கள் யார் என்றே அவருக்குச் சொல்லப்படவில்லை. ஆண்டுக்கு 18,000 டாலர் வாங்கியவர் ஒரு கட்டட வரைவு அலுவலகத்தில் 4,400 டாலருக்கு வரைபடம் போட்டார். 1959இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு அதிபர் ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட 10865ஆம் எண் ஆணைதான் இன்றைய நடைமுறையின் அடிப்படை. அதற்காக நீதிமன்றம் உங்களைக் காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். கிளியரன்ஸ் யாருக்கும் உரிமை கிடையாது, அதன் தகுதியை நீதிமன்றம் எடைபோடாது என்று 1988இல் ஈகன் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சந்தேகம் எழுந்தால் அது தேசப் பாதுகாப்புக்குச் சாதகமாகவே தீர்க்கப்படும். குற்ற வழக்கில் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு. இங்கே நேர் எதிர்.

வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம், செலவு உங்களுடையது. சாட்சியங்களில் நான் முதலிடம் தருவது, உங்கள் மீதான குற்றச்சாட்டு முழுவதும் தெரிந்தவர்கள் எழுதும் கடிதங்களுக்கு. ‘இவர் தங்கமான மனிதர்’ என்று பத்துப் பேர் எழுதலாம். குறுக்கு விசாரணையில் ‘இவர் என்ன செய்தார் என்று உங்களுக்குத் தெரியுமா’ என்று கேட்டு, ‘தெரியாது’ என்ற பதில் வந்தால் பத்துக் கடிதங்களும் காற்றில் போகும். எனவே எஸ்.ஓ.ஆரைக் காட்டிவிட்டுக் கடிதம் கேளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். எஃப்.எஸ்.ஓ.வே வந்து சாட்சி சொன்னால் அதற்கு ஈடில்லை. பயிற்சிச் சான்றிதழ்களோடு, இப்போது வேலையை எப்படிச் செய்கிறீர்கள் என்பதையும் காட்டுங்கள்: கைப்பேசியை எங்கே வைக்கிறீர்கள், அனுப்புவதற்கு முன் யார் சரிபார்க்கிறார்கள், மாலையில் பூட்டும் பட்டியலில் யார் கையெழுத்திடுகிறார்கள்.

சாட்சிக் கூண்டில் ‘எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்’ என்ற வாக்கியம் வாயில் வரும். உண்மையாகவே இருக்கலாம். அலுவலகச் சூழல் மோசமாக இருந்ததைச் சொல்ல வேண்டியதும் அவசியம்தான். பயிற்சிக் குறைவு ஒரு சாதகமான அம்சம் என்று முன்பே பார்த்தோம். ஆனால் முதலில் ‘நான் செய்தேன், எனக்கு விதி தெரியும்’ என்று சொல்லிவிட்டுப் பிறகு சூழலுக்கு வாருங்கள். வரிசை மாறினால் பழியைத் தள்ளுவதாகத்தான் காதில் விழும்.

தீர்ப்பு எதிராக வந்தால் 15 நாட்களுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பு, தீர்ப்புத் தேதியிலிருந்து 45 நாட்களுக்குள் வாதக் குறிப்பு. மேல்முறையீட்டில் புதிய சாட்சியம் ஏற்கப்படாது. நீதிபதி சட்டப்படி தவறினாரா என்று மட்டும் பார்ப்பார்கள். ஆகவே கையில் இருப்பதையெல்லாம் முதல் விசாரணையிலேயே கொடுத்துவிடுங்கள். அரசு ஊழியர்கள், படையினர், உளவு அமைப்புகளில் இருப்பவர்கள் ஆகியோருக்கு நடைமுறை வேறு; கெடுவும் வேறு. உங்களுக்கு வந்த கடிதத்தில் உள்ளதையே பின்பற்றுங்கள்.

வேலையை விட்டுவிடலாமா

கடிதம் வருவதற்கு முன்பே ராஜினாமா செய்துவிட்டால் விஷயம் அடங்கிவிடும் என்ற யோசனை எல்லோருக்கும் வரும். அடங்காது. உங்களுக்காக நின்ற நிறுவனம் விலகியதும் உங்கள் வழக்கு அப்படியே நின்றுபோகும். ஆனால் சம்பவ அறிக்கை பாதுகாப்புத் துறையின் பதிவேட்டில் தீர்க்கப்படாமல் கிடக்கும். அடுத்த நிறுவனத்தின் எஃப்.எஸ்.ஓ. உங்கள் பெயரைத் தட்டியதும் அது எழுந்து வரும். நீங்கள் பதில் சொல்ல வாய்ப்பே இல்லாமல் அது உட்கார்ந்திருப்பதைவிட, முடிந்தால் வழக்கை நடத்தி முடிப்பது மேல். நிறுவனமே அனுப்பிவிட்டால் உங்கள் கையில் ஒன்றுமில்லை. கிளியரன்ஸ் தேவைப்படாத பிரிவுக்கு மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பெரிய நிறுவனங்களில் சில சமயம் நடக்கும்.

வீட்டில் எவ்வளவு சொல்லலாம் என்பது அடுத்த குழப்பம். கிளியரன்ஸ் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, வேலை போகலாம், வழக்கறிஞருக்குச் செலவாகும் என்று மனைவியிடமோ கணவரிடமோ தாராளமாகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். எந்தத் தகவல், எந்தத் திட்டம் என்பதைச் சொல்லக் கூடாது. கிளியரன்ஸ் போனாலும், வேலை போனாலும், கையெழுத்திட்ட ரகசியக் காப்பு உடன்பாடு உங்களை விடாது. வழக்கறிஞரிடம் பேசும்போதும் அதே எல்லைதான்.

மறுப்பு உறுதியானால் ஓராண்டு கழித்துத்தான் மீண்டும் முயல முடியும். அப்போதும் கிளியரன்ஸ் தேவைப்படும் வேலை தந்து உங்களுக்காக நிற்க ஒரு நிறுவனம் வேண்டும். புதிய படிவத்தின் 25ஆம் பகுதியில் ‘ஆம்’ என்றுதான் எழுத வேண்டும். டோஹா தீர்ப்புகள் பெயர் நீக்கி வெளியிடப்படுகின்றன. உங்கள் தீர்ப்பின் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் உள்ள தேதிகளும் எண்ணிக்கையும் நீங்கள் எழுதுவதோடு ஒத்துப்போகின்றனவா என்று வரி வரியாகச் சரிபாருங்கள். தீர்ப்பில் ஏதாவது தவறாக இருப்பதாக நினைத்தால் குறிப்புப் பகுதியில் அதைச் சொல்லுங்கள். சத்தமில்லாமல் வேறு எண்ணை எழுதிவிடாதீர்கள். புதிய நிறுவனத்தின் எஃப்.எஸ்.ஓ. பதிவேட்டில் தேடுவதற்கு முன்பே, நேர்காணல் முடிந்து வேலை உறுதியான அன்றே, அந்தப் பிரதியை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.